பொகவந்தலாவையிலே ஒரு பிற்பகல்

மலைநாட்டுக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் நுவரெலியாவின் குளிரை நாடிச் செல்வார்கள். அல்லது சிவனொளிபாத மலையிலே சூரியோதய தரிசனம் காணச் செல்வார்கள். அட்டன் நகரிலிருந்து பொகவந்தலாவைக்குப் புறப்படும் பஸ்ஸிலே உல்லாசப் பிரயாணிகளைக் காண்பது அரிது. சாமான் பைகளோடு திரும்பும் தாய்மார்களும், கொழும்புக் கடைகளிலே வேலை செய்து விடுமுறைக்கு ஊர் வரும் இளைஞர்களுமே அதில் நிறைந்திருப்பார்கள். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றில் அத்தகைய பஸ்ஸொன்றிலே நாமும் ஏறி அமர்ந்தோம். எம்மிடம் கல்வி பயின்ற பழைய மாணவர் சிலர், தங்கள் தோட்ட மைதானத்தில் நடக்கவிருந்த உதைபந்தாட்டப் போட்டியைக் காண வரவேண்டுமென்று அன்போடு அழைத்திருந்தனர். பந்தாட்டம் பார்க்கவென்று போன நாம் வேறொன்றைக் கற்றுக்கொண்டு திரும்பினோம். அதனையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

பள்ளத்தாக்கின் வழியே

டிக்கோயாவைத் தாண்டியதும் பாதையின் ஒரு பக்கத்திலே காசல்ரீ நீர்த்தேக்கம் தென்படத் தொடங்குகிறது. கெசல்கமு ஓயாவை மறித்து 1965ஆம் ஆண்டிலே கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. நோர்வூட்டிலே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மஸ்கெலியாவை நோக்கியும் மற்றது பொகவந்தலாவையை நோக்கியும் செல்கின்றன. நாம் செல்லும் பாதையோ ஆற்றை எதிர்த்து மேலே மேலே செல்கிறது. கொட்டியாகலை, பொகவானை, லொய்னோன், கெம்பியன் எனத் தோட்டங்களின் பெயர்ப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மறைகின்றன. இங்கே பிறக்கும் கெசல்கமு ஓயாதான் கீழே மஸ்கெலி ஓயாவோடு கூடிக் களனி கங்கையாகிக் கொழும்பு வரை செல்கிறது என்பதைக் கொழும்பு வாசிகளிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

‘தலாவ’ என்ற சிங்களச் சொல்லுக்குப் புல்வெளி என்பது பொருள். பெயருக்கேற்பவே, நாற்புறமும் மலை சூழ்ந்த இவ்விடத்திலே ஆற்றோரமாகச் சற்றுச் சமமான நிலம் கிடைக்கிறது. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் சந்ததியார் இந்த மலைகளைப் பசுமையாக்கினர். மலைச்சரிவெல்லாம் தேயிலைக்கென ஒதுக்கப்பட்டுவிட்டமையால், சமநிலம் என்பது தோட்டத்திலே தங்கத்தைப் போன்றது. அதிலே ஒரு துண்டு விளையாட்டுத் திடலாக எஞ்சியிருக்குமானால், அது அத்தோட்டத்தின் பாக்கியமென்றே சொல்லவேண்டும்.

நகரின் அருகேயுள்ள சென். மேரிஸ் ஆலயத்தின் கல்லறைத் தோட்டத்துக்கும் சென்றோம். புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான ஜூலியா மார்கரெட் கெமரூன் அம்மையார் அங்கே தம் கணவரோடு துயில்கிறார். டெனிசன், டார்வின் முதலான பெரியோரின் முகங்களைக் கண்ணாடித் தகட்டிலே பதித்து நிலைபெறச் செய்த அந்த அம்மையார், 1879இல் இம்மலைநாட்டிலேயே காலமானார். ஒருவருடைய முகத்தைக் காலம் கொண்டுபோகாமல் பிடித்து வைப்பதற்கு அவர் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டே மைதானத்தை நோக்கி நடந்தோம். படம் எதுவுமே இன்றி ஒரு முகத்தை அறுபது ஆண்டுகள் காத்து வைத்திருந்த ஒருவரை அங்கே சந்திக்கப் போகிறோம் என்பதை அப்போது நாம் அறியோம்.

மைதானத்திலே

மைதானத்தின் ஒரு புறம் தேயிலை மலை; மறுபுறம் லயங்கள். பந்து எல்லை கடந்து மலைக்குள்ளே போனால், சிறுவர்கள் கொழுந்துச் செடிகளின் இடையே புகுந்து தேடி எடுத்து வருகிறார்கள். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், கையுறை வேண்டும், கால் காப்பு வேண்டும். உதைபந்தாட்டத்துக்கோ பந்து ஒன்றிருந்தால் இருபத்திரண்டு பேர் ஆடலாம். இருநூறு பேர் பார்க்கலாம். தோட்டங்களிலே இவ்விளையாட்டு வேரூன்றியதற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

ஆட்டம் தொடங்குமுன் எம் கண்கள் ஒருவனைத் தேடின. சென்ற ஆண்டு எமது கல்லூரி அணியிலே இடதுபுற முன்வரிசையில் ஆடிய மாணவன் அவன். இந்தத் தோட்டத்துப் பிள்ளை. பந்து காலுக்கு வந்ததும் எதிரணிக் காவல் வீரர் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றுவிடுவார்கள். அவன் ஆடிய நாட்களில் நாமும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறோம். சில மாதங்களாக அவன் வகுப்புக்கு வரவில்லை. எங்காவது கடை வேலைக்குப் போயிருப்பான் என்று எண்ணிப் பெயர்ப் பதிவேட்டிலே குறியிட்டதோடு நாம் நின்றுவிட்டோம்.

“அவன் இப்ப வெளையாட வாறதில்ல, சேர்” என்றார்கள் நண்பர்கள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. விசில் ஊதியது. ஆட்டம் தொடங்கிவிட்டது.

எமக்குப் பக்கத்திலே மரக் கட்டையொன்றில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். எழுபத்தைந்து வயதிருக்கும். தோட்டக் கந்தோரில் கணக்குப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பளித் தொப்பி, தோளிலே மடித்த சால்வை. ஒரு பையன் மூன்று பேரைக் கடந்து பந்தை உருட்டிச் சென்றபோது, அவர் தமக்குள்ளே, “பலராம் மாதிரிப் போறான்” என்றார்.

“எந்தப் பலராமைச் சொல்கிறீர்கள், ஐயா?” என்று கேட்டோம்.

அவர் எம்மை ஒரு கணம் பார்த்தார். “படிச்சவுங்க, ஒங்களுக்குத் தெரியாதுங்களா? நம்ம துளசிதாஸ் பலராம்!” என்றார்.

‘நம்ம’ பலராம்

இன்றைய இளைஞர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். 1936ஆம் ஆண்டு செக்கந்தராபாத்தைச் சேர்ந்த அம்முகுடா என்ற படைமுகாம் ஊரிலே, தமிழ்ப் பெற்றோருக்கு எளிய குடும்பத்தில் பிறந்தவர் பலராம். தமிழகத்துக் குடும்பங்கள் சில தேயிலைக்காகக் கடல் கடந்தன. வேறு சில பட்டாளத்து வேலைகளை நாடித் தக்காணத்துக்குச் சென்றன. பிழைப்புத் தேடி ஊரைப் பிரிந்த கதை இரண்டிற்கும் ஒன்றே. அதனாலேதான் பொகவந்தலாவை மக்கள் அவரை ‘நம்ம’ என்ற சொல்லாலே கட்டி வைத்தார்கள் போலும்.

ஹைதராபாத்தின் பெரும் பயிற்சியாளர் சையது அப்துல் றஹீம் அவர்களின் கண்ணிலே பட்டவர் பலராம். 1956இல் மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியிலே, இருபது வயதளவில் அவர் இடம் பெற்றார். பின்னர் கல்கத்தாவுக்குச் சென்று ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் ஆடினார். 1960 ரோமாபுரி ஒலிம்பிக்கிலே, அன்றைய உலகத்தின் பலம் வாய்ந்த அணிகளில் ஒன்றான ஹங்கேரியிடம் இந்தியா இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில்தான் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் பலராம். அடுத்து பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று எனச் சமநிலை கண்டது அதே அணி. 1961இல் ஈஸ்ட் பெங்கால் கழகத்தின் தலைவராக நின்று கல்கத்தா லீக் வெற்றிக் கிண்ணத்தையும் வென்று கொடுத்தார்.

பி. கே. பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரையும் ஒருங்கே மும்மூர்த்திகள் என்று அக்காலத்து ரசிகர்கள் போற்றினர். முன்வரிசையிலே எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவர் பலராம். பந்தைத் தாமே கொண்டு செல்லவும் வல்லவர். மற்றவர் கோல் அடிக்குமாறு பந்தை ஊட்டிவிடவும் வல்லவர்.

“நீங்கள் அவர் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று முதியவரிடம் கேட்டோம்.

“எங்கேங்க பாக்கிறது! எங்கப்பா பத்திரிகையைச் சத்தமா வாசிப்பாரு. தேத்தண்ணிக் கடையிலே இருவது முப்பது பேரு சுத்தி நிப்போம். அவர் வாசிக்க வாசிக்க எங்களுக்குப் பந்து ஓடுறது தெரியும்” என்றார்.

1962ஆம் ஆண்டு அவருக்குப் பன்னிரண்டு வயது. அவ்வாண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி ஜகார்த்தாவிலே ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டம். எதிர்த்து நின்றது தென் கொரியா. முதற் சுற்றில் இந்தியாவை இரண்டுக்குப் பூச்சியம் என்று தோற்கடித்த அதே அணி. இஸ்ரேலுக்கும் தாய்வானுக்கும் அவ்விழாவில் இடமளிக்கப்படாததை இந்திய விளையாட்டு அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தமையால், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கம் முழுவதும் இந்திய வீரர்களைக் கூச்சலிட்டு இகழ்ந்தது. காய்ச்சலால் மெலிந்திருந்த பீற்றர் தங்கராஜ் கோல் காத்தார். தலையில் தையலோடு ஜர்னயில் சிங், காவல் வரிசையை விட்டு முன்வரிசைக்கு வந்து ஆடினார். பானர்ஜியும் ஜர்னயில் சிங்கும் ஆளுக்கொரு கோல் அடிக்க, இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தங்கப் பதக்கம் வென்றது. முன்வரிசையில் நின்று அவ்வெற்றிக்கு உழைத்தவர்களுள் பலராமும் ஒருவர். முன்னதாக ஜப்பானை வென்ற ஆட்டத்திலே அவரும் ஒரு கோல் அடித்திருந்தார். இவ்வளவையும் முதியவர் பிசகாமல் சொன்னார். அன்றிரவு லயத்திலே தப்படித்துக் கொண்டாடினார்களாம்.

கறுப்புத் துணி

அடுத்த ஆண்டே எல்லாம் மாறிவிட்டது. 1963 ஜூன் மாதத்திலே பயிற்சியாளர் றஹீம் புற்றுநோயால் காலமானார். அவ்வாண்டிலேயே, இருபத்தேழு வயதளவில், நுரையீரலைப் பற்றிய நோயினால் பலராமும் ஆட்டத்தைக் கைவிட நேர்ந்தது. இருபத்தேழு என்பது உதைபந்தாட்டக்காரன் ஒருவன் முழு வலுவோடு ஆடவேண்டிய பருவம். மேலைநாட்டிலே ஜோர்ஜ் பெஸ்ட் என்பார் அதே வயதில், 1974இல், மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தை விட்டு நீங்கினார். அவருடைய ஒளியை மங்கச் செய்தது குடி. பலராமுக்கோ உடம்பே ஒத்துழைக்க மறுத்தது. அவரிடம் சொல்லத்தக்க குற்றம் எதுவுமில்லை.

“பத்திரிகையிலே அவர் பேரு வாறது நின்னு போச்சு” என்றார் முதியவர். “எங்கப்பா தெனமும் தேடுவாரு. ஒரு நாள் யாரோ அட்டன் டவுனிலேருந்து வந்து, பலராம் நெஞ்சு நோயிலே தவறிட்டாராம்னு சொல்லிட்டாங்க. நாங்க நம்பிட்டோம். அடுத்த ஞாயித்துக்கெழமை இதே மைதானத்திலே, கையிலே கறுப்புத் துணி கட்டிக்கிட்டு வெளையாடினோம். எங்கம்மா பழைய குடைத் துணியைக் கிழிச்சுக் குடுத்தாங்க.”

சிறிது நேரம் அவர் ஆட்டத்தைப் பார்த்தார். பின்பு திரும்பி, “அவர் சாகலீங்க” என்றார்.

உண்மைதான். பலராம் மேலும் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தார். ரெயில்வே உத்தியோகத்திலே இருந்தார். இளம் வீரர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலே தம் முதுமையைக் கழித்தார். 1962இல் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. உடன் ஆடிய கோஸ்வாமிக்கு 1983இலும் பானர்ஜிக்கு 1990இலும் பத்மஸ்ரீ கிடைத்தது, பலராமுக்குக் கிடைக்கவேயில்லை. அவ்விருவரும் 2020ஆம் ஆண்டிலே ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். மும்மூர்த்திகளுள் எஞ்சியிருந்த பலராம் 2023 பெப்ரவரி 16ஆம் திகதி, 86ஆவது வயதிலே காலமானார்.

“பேரப்பிள்ளை போனிலே காட்டினான். வெள்ளை முடியோட ஒரு படம். எனக்கு அடையாளமே தெரியல்ல. நாங்க அறுபது வருசத்துக்கு முன்னாடி துக்கம் கொண்டாடின ஆளு, அன்னைக்குத்தான் போயிருக்காரு. சந்தோசப்படுறதா, அழுவுறதான்னு வெளங்கல்லீங்க. ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே! உயிரோட இருக்காரான்னு ஒருத்தருமே கேட்டுப் பாக்கல்லியே!”

முதியவரின் துயரம் அதோடு நிற்கவில்லை. கறுப்புத் துணி கட்டி ஆடிய பதினொருவரிலே எழுவர், 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தினால் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவ்வொப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், மூன்று லட்சம் பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்குவதென்றும் வகுத்தது. மக்களை எண்ணிக்கையாகப் பிரித்தபோது, பந்தாட்ட அணிகளும் பிரிந்தன. அட்டன் புகையிரத நிலையத்திலே தலைமன்னார் வண்டி ஏறியவர்களிலே கோல் காப்பாளன் இருந்தான். நடுவரிசை வீரன் இருந்தான். “போனவுங்களைப் பத்தியும் அப்படித்தான். மொதல்ல கடுதாசி வந்துச்சு. அப்புறம் நின்னு போச்சு. நின்னதும் நாங்களும் விட்டுட்டோம்” என்றார் அவர்.

லயத்திலே

ஆட்டம் முடிந்தது. எவர் வென்றார் என்பதை எம் மனம் வாங்கிக்கொள்ளவில்லை. ‘கேட்டுப் பாக்கல்லியே’ என்ற சொல்லே காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. பெயர்ப் பதிவேட்டிலே நாம் இட்ட குறியும் நினைவுக்கு வந்தது. நண்பர்களை அழைத்து, அந்த மாணவனின் வீட்டைக் காட்டும்படி கேட்டோம். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பின்னர் முன்னே நடந்தனர்.

பீலியைக் கடந்து, படிகள் ஏறி, லயத்தின் கடைசிக் காம்பராவை அடைந்தோம். தாயார் பதறிப்போய், “வாங்க சேர்” என்று வரவேற்றார். வாசலிலே வெயிலுக்கு முகம் காட்டி அமர்ந்திருந்தான் பையன். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றான். மிகவும் மெலிந்திருந்தான்.

அவனுக்குக் காசநோய். போட்டி நடந்த மாதத்திலேயே இருமல் இருந்ததாம். சொன்னால் அணியிலே சேர்க்கமாட்டோமென்று அஞ்சி மறைத்திருக்கிறான். இருமலை நாமும் கேட்டிருக்கிறோம். பனிக்காலத்து இருமல் என்று நினைத்து, இன்னும் ஓராட்டம் ஆடு என்று முதுகில் தட்டி அனுப்பினோம். இதனை எழுதும்போது எமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

நல்லவேளையாக, இக்காலம் 1963 அன்று. அந்நாளிலே இந்நோய்க்கு ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் மருந்து உண்ணவேண்டியிருந்தது. இன்றோ பொதுவாக ஆறு மாதம் தவறாமல் மருந்து உட்கொண்டால் குணமாகிவிடும். அம்மருந்தும் அரசாங்க வைத்தியசாலையிலே இலவசமாகவே கிடைக்கிறது. தாயார் ஒரு வேளையும் தவறவிடாமல் கொடுத்து வருகிறார். நான்கு மாதம் முடிந்திருந்தது. இனி மற்றவருக்குத் தொற்றும் என்ற பயமில்லை, பாடசாலைக்குப் போகலாம் என்று வைத்தியரும் சொல்லிவிட்டாராம். ஆனால் அவன் போகவில்லை. நோயின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகள் விலகி உட்காருவார்களோ என்ற அச்சம். கல்லூரியிலிருந்து விசாரித்து எவரேனும் வந்திருந்தால், அந்த அச்சம் பாதியாவது குறைந்திருக்கும்.

சிறிது நேரம் மௌனமாக நின்றபின், “சேர், டீமிலே என் எடத்துக்கு யாரைப் போட்டீங்க?” என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னோம். வேறொரு பையன் ஆடுகிறான் என்றும், அவனும் நன்றாகவே ஆடுகிறான் என்றும் கூறினோம். “பந்தைப் பற்றிப் பிறகு வைத்தியரிடம் கேட்போம். திங்கட்கிழமை நீ வகுப்புக்கு வா. முன் வாங்கிலேயே உட்கார்” என்றோம். அவன் தலையசைத்தான். தாயார் உள்ளே சென்று தேநீர் ஊற்றி வந்தார். அந்தப் பள்ளத்தாக்குத் தேயிலையின் நிறமும் மணமும் அன்று போல் என்றும் எம் நெஞ்சில் பதிந்ததில்லை.

இறங்கி வருகையிலே மைதானத்தின் ஓரத்தில் அந்த முதியவர் இன்னும் அமர்ந்திருந்தார். பையனைப் பார்த்து வந்தோம் என்று சொன்னோம். “ஆங், அவனா? நல்லா வெளையாடுவான். நானும் நாளைக்கிப் போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாறேன்” என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

பந்து காலிலே இருக்கும்வரை ஒருவனைக் கொண்டாட ஆயிரம் கைகள் உண்டு. ஆட்டத்தை விட்டு அவன் வெளியேறியபின் அவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் எத்தனை பேர்? பலராமின் புகழைப் பேசுவதும் பாராட்டுவதும் நல்லதே. அதைவிட நல்லது, நம் அணியை விட்டு நின்றுபோன பிள்ளை எங்கே இருக்கிறான் என்று விசாரித்து ஒரு மாலை நடந்து போய்ப் பார்ப்பது. இது ஆசிரியர்களுக்கு மட்டுமன்று, மாணவர்களுக்கும் உரிய கடமை.

மாலைப் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. அட்டனுக்குச் செல்லும் கடைசி பஸ்ஸை ஓடிப் பிடித்தோம். மறுநாள் காலை மணியடித்தபோது எமது வகுப்பின் முன் வாங்கிலே ஓரிடம் காலியாக வைத்திருந்தோம். எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர், மூச்சு வாங்க, அவன் வந்து அதிலே அமர்ந்தான்.